புலி நீந்தும் பூமி

மழை பெய்தால் வெள்ளம் வரும். இது குழந்தைக்கும் தெரிந்த சமாசாரம். ஆனால் மழை நின்று, வானம் வெளுத்து, எல்லோரும் குடையை மடித்துப் பரணில் போட்ட பிறகு சாவகாசமாக வெள்ளம் வந்து சேரும் தேசம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா, வாசகர்களே?

தென் அமெரிக்காவின் நட்ட நடுவில் இருக்கிறது அந்தப் பிரதேசம். பான்டனால் என்று பெயர். பெரும்பகுதி பிரேஸிலைச் சேர்ந்தது. ஓரங்களில் பொலிவியாவும் பராகுவேயும் ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக் கொண்டிருக்கின்றன. நம் தமிழ்நாட்டை அப்படியே தூக்கி அதற்குள் வைத்துவிடலாம். அப்புறமும் இடம் மிஞ்சும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் பராகுவே நதியோடு ஏறி இந்தப் பக்கம் வந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். கரையே தெரியவில்லை. உள்நாட்டில் ஒரு கடல் இருக்கிறது என்று முடிவு கட்டி, ‘ஷராயெஸ் கடல்’ என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். வெகு காலம் வரைக்கும் தேசப்படங்களில் அந்தக் கடல் இருந்தது. கோடையில் போனவர்களோ, கடலாவது மண்ணாவது, புல்லுக்காடும் மாட்டு மந்தையுந்தான் என்றார்கள். இரண்டு கட்சியும் சொன்னது உண்மைதான். ஆறு மாதம் கடல், ஆறு மாதம் மேய்ச்சல் நிலம், அதுதான் பான்டனால்.

விஷயம் இதுதான். சுற்றிலும் மேட்டு நிலம். நடுவே தாம்பாளம் போல ஒரு பெரிய பள்ளம். அக்டோபர் முதல் மார்ச் வரை மேட்டில் கொட்டுகிற மழை ஆறாறாகத் தாம்பாளத்தில் இறங்குகிறது. இறங்கின பிறகு போவதற்கு வழி வேண்டாமா? வடக்கிலிருந்து தெற்கே கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் சரிவு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று தஞ்சாவூர்க்காரர்கள் நாளை எண்ணுவார்களே, பான்டனாலில் மாதத்தை எண்ண வேண்டும். வடகோடியில் பிப்ரவரி, மார்ச்சில் பொங்குகிற நீர், தெற்கே கொரும்பா நகரத்தை மே, ஜூனில்தான் எட்டிப் பார்க்கும். அதற்குள் அங்கே மழைக்காலம் முடிந்து பனிக்காலமே வந்துவிடும்.

சரி, புறப்படலாமா? சென்னையில் ஏறி, நடுவில் விமானம் மாறி, சாவோ பாவ்லோ போய், அங்கிருந்து குயாபா என்ற நகரத்துக்கு இன்னொரு விமானம். குயாபாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தார்ச் சாலையில் போனால் போகோனே என்ற ஊர். அதுவரை விசேஷம் ஒன்றுமில்லை; தூங்கிக்கொண்டே போகலாம். போகோனேயைத் தாண்டியதும் மட்டும் தயவுசெய்து விழித்துக் கொள்ளுங்கள். ஏனென்றால் அங்கே தொடங்குகிறது டிரான்ஸ்பான்டனேரா. 147 கிலோமீட்டர் செம்மண் சாலை. அதில் ஏறக்குறைய 120 பாலங்கள்! அநேகமாக எல்லாமே மரப்பாலங்களாக இருந்தவை; இப்போது ஒவ்வொன்றாகக் கான்கிரீட்டுக்கு மாறி வருகின்றன. பழைய மரப்பாலம் ஒன்றில் வண்டி ஏறும்போது பலகைகள் ‘கடகட’வென்று போடுகிற சத்தத்தில், வேண்டாத தெய்வங்களையெல்லாம் வேண்டிக் கொள்வீர்கள்.

இந்தச் சாலையை 1970-களில் ராணுவ ஆட்சியின்போது போட ஆரம்பித்தார்கள். பான்டனாலைக் குறுக்கே வெட்டித் தெற்கே கொரும்பா வரை கொண்டு போவதாகத் திட்டம். போர்ட்டோ ஜோஃப்ரே என்ற ஆற்றங்கரை வரைக்கும் வந்தது. அதற்குமேல் தண்ணீர் விடவில்லை. சாலை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

சாலை அரைகுறையாக நின்றதால் நஷ்டமடைந்தவர்கள் இருக்கலாம். முதலைகளுக்கு மட்டும் பரம லாபம். சாலையை உயர்த்துவதற்காக இரண்டு பக்கமும் மண் தோண்டினார்கள் அல்லவா? அந்தப் பள்ளங்களெல்லாம் குட்டைகள் ஆயின. ஜூலை, ஆகஸ்டில் மற்ற இடமெல்லாம் காயும்போது, மீனும் முதலையும் நாரையும் கொக்கும் அந்தக் குட்டைகளில்தான் மாநாடு கூட்டுகின்றன. அந்த ஊர் முதலைக்கு ஜக்காரே என்று பெயர். நம் ஆற்று முதலையைவிடச் சிறிய ஜாதி. கரையோரம் வரிசையாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பல் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பவர்கள் மாதிரி கிடக்கும். பக்கத்திலேயே கேபிபாரா என்ற பிராணி குடும்பத்தோடு புல் மேயும். பெருச்சாளி ஜாதிதான், ஆனால் ஆட்டின் பருமன். உலகத்திலேயே பெரிய கொறிக்கும் பிராணி அதுதானாம். முகத்தைப் பார்த்தால், உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாத பென்ஷன்காரர் முகம்.

மாலைக்குள் விடுதிக்குப் போய்ச் சேருவீர்கள். ‘பொசாடா’ என்பார்கள். பறவை பறந்து வந்து கிளையில் அமர்கிறதே, அதற்குப் போர்த்துக்கீசிய பாஷையில் என்ன வினையோ அதே வினையிலிருந்து பிறந்த சொல். இந்த விடுதிகளில் பல, நேற்று வரை மாட்டுப் பண்ணைகளாக இருந்தவை. சில இன்றும் பண்ணைகள்தான். முன்கட்டில் விருந்தாளி, பின்கட்டில் மாடு. பான்டனாலில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிலம் தனியார் சொத்து என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பாஷை தெரியாதே என்று பயப்படாதீர்கள். அறைக் கதவுக்கு அவர்கள் கொடுப்பது ‘ஷாவி’. காற்றுக்குத் திறப்பது ‘ஜனேலா’. சாப்பாடு வைப்பது ‘மேசா’. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்காருவது ‘வராண்டா’. எல்லாம் நம் வீட்டுச் சாவியும் ஜன்னலும் மேஜையும் வராந்தாவும்தான்! போர்த்துக்கீசியக் கப்பல்காரர்கள் நமக்கு ஒரு பங்கும் பிரேஸிலுக்கு ஒரு பங்குமாகக் கொடுத்த சொற்கள். பதிலுக்குப் பிரேஸில் பக்கத்திலிருந்து நமக்கு வந்தது முந்திரி. மரவள்ளியும் தென் அமெரிக்கச் சரக்குதான். மரவள்ளி மாவை வறுத்து, பருப்புப்பொடி மாதிரி சோற்றின்மேல் தூவிக்கொள்கிறார்கள். தினமும் சோறும் பயறும் உண்டு என்று கேட்டுச் சைவர்கள் சந்தோஷப்படலாம். ஆனால் பயற்றுப் பானைக்குள் இறைச்சித் துண்டு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது. அசைவர்களுக்கு உப்புக்கண்டமும், மனிதனைத் தின்னும் என்று சினிமாவில் பயமுறுத்துகிறார்களே, அந்தப் பிரான்யா மீனின் சூப்பும் உண்டு. யார் யாரைத் தின்கிறார்கள் என்பது அங்கே போனால் விளங்கிவிடும். காபி? உலகத்துக்கே காபி போடுகிற தேசத்தில் பாலில்லாத கஷாயமாகச் சர்க்கரையைக் கொட்டித் தருகிறார்கள். கும்பகோணத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

விடியற்காலையில் மாட்டுப் பட்டியின் பக்கம் ஒரு சத்தம் கேட்கும். துரு ஏறின கீல்கள் நூறு ஒன்றாகத் திறந்தாற்போல் இருக்கும். எழுந்து ஓடிப் பாருங்கள். உச்சி முதல் வால் வரை ஆழ்ந்த நீலம். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அலகிலிருந்து வால் நுனிவரை ஒரு மீட்டர் நீளம். கிளி ஜாதியிலேயே நீளமானது இந்த நீல மக்காவ் கிளிதான். மாட்டுப் பட்டியில் அதற்கு என்ன வேலை? ஒருவகைப் பனைக் கொட்டைதான் அதற்கு ஆகாரம். மாடுகள் அந்தப் பழத்தை விழுங்கி, சதையை ஜீரணித்துவிட்டுக் கொட்டையைத் தள்ளிவிடுகின்றன. சமையல் பாதி முடிந்த மாதிரி. கிளி வந்து பட்டியில் உட்கார்ந்து, பாக்குவெட்டி போன்ற அலகால் உடைத்துச் சாப்பிடுகிறது.

இந்தக் கிளியின் இல்லறக் கதை நம் தொடர்கதை ஆசிரியர்களுக்குக்கூடத் தோன்றாதது. அது முட்டையிடப் பெரும்பாலும் மண்டுவி என்ற ஒரே ஜாதி மரத்தின் பொந்தைத்தான் தேடும். மரத்தில் அவ்வளவு பெரிய பொந்து விழ வேண்டுமானால் அறுபது வயசாவது ஆக வேண்டும். அந்த மரத்தின் விதையைக் காடெங்கும் பரப்புவது யார்? டூக்கான் என்ற பறவை. வாழைப்பழம் போன்ற பெரிய ஆரஞ்சு மூக்கைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கு எண்பது விதைக்கு மேல் பரப்புவது அதுதான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கிளியின் முட்டையைத் திருடித் தின்பது யார்? களவு போகிற முட்டைகளில் பாதிக்கு மேல் அதே டூக்கான்தான்! டூக்கானை விரட்டினால் முட்டை பிழைக்கும்; அறுபது வருஷம் கழித்து முட்டையிட மரம் இருக்காது. வீடு கட்டித் தருகிறவனே பிள்ளையைத் திருடுகிறவனும் என்றால், வழக்கை எந்தக் கோர்ட்டில் தீர்ப்பது?

கூண்டுக் கிளி வியாபாரிகள் பிடித்துக்கொண்டு போனது போக, 1980-களின் கடைசியில் பான்டனாலில் 1,500 நீலக் கிளிகள்தான் மிஞ்சின என்று கணக்கு. நெய்வா கெடெஸ் என்ற பெண்மணி, உயிரியல் படித்தவர், கயிறு கட்டி மரம் மரமாக ஏறிப் பொந்துகளைச் சோதித்தார். போதாத இடத்தில் மரப்பெட்டிக் கூடுகளை மாட்டினார். பண்ணைக்காரர்களிடம் பேசிப் பேசி மண்டுவி மரத்தை வெட்டாமல் காத்தார். கிளிகள் ஏறக்குறைய 5,000 ஆயின.

இப்போது புலிக்கு வருவோம். புலி என்று நான் சொல்வது ஜாகுவாரை. பழைய ஸ்பானியர்களும் அதைப் புலி என்றே சொன்னார்கள். பார்வைக்கு நம் சிறுத்தை மாதிரி இருக்கும். ஆனால் மஞ்சள் மேனியில் உள்ள வளையத்துக்குள் சின்னச் சின்னக் கரும்புள்ளி இருந்தால் அது ஜாகுவார். தலை பெரிது, கால் கட்டை, மார்பு அகலம். பான்டனாலின் ஆண் ஜாகுவார்கள் நூறு கிலோவுக்கு மேல் நிற்கும்.

சாலை முடிகிற போர்ட்டோ ஜோஃப்ரேயில் விசைப்படகில் ஏற வேண்டும். குயாபா ஆறும் அதன் துணையாறுகளும் பின்னிக் கிடக்கிற அந்த இடத்துக்கு ‘நீர்கள் சந்திக்கும் இடம்’ என்று பெயர். நம் கூடுதுறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாநில அரசின் காப்பகம் அது. ராட்சத நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக எதிரே நீந்தி வந்து, உங்களை யார் என்று அதட்டிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. கைரேகை மாதிரி ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அவற்றையே இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்று நினைக்கும்போது படகோட்டியின் ரேடியோ கரகரக்கும். யாரோ புலியைப் பார்த்துவிட்டார்கள்! அப்புறம் படகு பறக்கும். தொப்பியைப் பிடித்துக் கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை மணலில் அது நடந்துகொண்டிருக்கும். நீங்கள் வந்ததையோ, இன்னும் பதினைந்து படகு வந்ததையோ அது சட்டை செய்யாது. திடீரென்று நின்று, நீரைப் பார்த்துக் காதைச் சாய்க்கும். எதிர்க்கரையில் ஒரு முதலை. சத்தமில்லாமல் ஆற்றில் இறங்கும். தலை மட்டும் தெரியும். பிறகு நீர் கொதித்தாற்போல் ஒரு கொந்தளிப்பு. கரையேறும்போது வாயில் முதலை தொங்கும். மற்றப் பூனை ஜாதிகள் பெரும்பாலும் கழுத்தைப் பிடிக்கும். ஜாகுவார் முதலையின் பின்மண்டையை ஒரே கடியில் உடைத்துவிடும். தாயமா என்ற இன்னொரு ஆற்றுத் தீவுக் காப்பகத்தில் ஜாகுவார்களுக்கு மீனும் முதலையுந்தான் முக்கிய ஆகாரமாம். மீன் பிடித்து வாழும் புலிகள்!

எந்த அதிசயத்துக்கும் ஒரு கூட்டம் சேர்ந்தால் கொஞ்சம் களை குறைகிறது என்பது என் அபிப்பிராயம். இருபது படகு வளைத்துக்கொண்டு நிற்கையில், புலியைப் பார்ப்பதா, எதிர்ப்படகுக்காரரின் காமிராக் குழாயைப் பார்ப்பதா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்கே இறங்கிவிடும் படகோட்டியைப் பார்த்து அமர்த்திக்கொள்ளுங்கள். புலி பக்கத்தில் வரவேண்டும் என்று இரை போட்டுப் பழக்குகிறவர்களும் உண்டு. தடை செய்யப்பட்ட காரியம் அது. 2025 ஏப்ரலில் தெற்குப் பகுதியில் ஆற்றோரக் காவலாளி ஒருவரை ஜாகுவார் கொன்றது. அப்படி நடப்பது மிக மிக அபூர்வம். நடந்ததும் இந்த இரை போடும் வழக்கத்தைப் பற்றித்தான் முதலில் பேச்சு எழுந்தது.

இதே புலியைக் கண்ட இடத்தில் சுட்டவர்கள் இந்தப் பண்ணைக்காரர்களின் தகப்பன்மார்கள். கன்றைத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் கோபம் வராது? லாட்வியாவிலிருந்து வந்த சாஷா சீமெல் என்பவர், பழங்குடி வேட்டைக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, கையில் வெறும் ஈட்டியோடு ஜாகுவாரை எதிர்கொள்வாராம். முந்நூறு கொன்றதாகச் சொல்லிக்கொண்டார். பண்ணைகள் அவரைக் கூப்பிட்டு அனுப்பின. 1967-ல் பிரேஸில் வேட்டையைத் தடை செய்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது; துப்பாக்கி பண்ணையில் இருந்தது.

பிறகு காமிராக்காரர்கள் வந்தார்கள். 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்குப் பார்த்தது. பான்டனாலின் ஒரு பகுதியில் ஜாகுவாரைக் காண வருகிறவர்களால் வருஷத்துக்கு 68 லட்சம் டாலர் வரும்படி. அதே பகுதியில் அது அடித்த மாடுகளின் நஷ்டம் சுமார் 1 லட்சத்து 21 ஆயிரம் டாலர். மாட்டைத் தின்கிற பிராணிதான் மாட்டுக்காரனுக்குச் சோறு போடுகிறது! ஆனால் விடுதி நடத்துகிறவருக்கு வரும்படி. பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் கன்று மட்டும் போகிறது. இந்தச் சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. 95 பங்கு தனியார் நிலம் என்று சொன்னேனே, அங்கேதான் அந்த முடிச்சு.

கதைப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. 1990-ல் பிரேஸில் தொலைக்காட்சியில் ‘பான்டனால்’ என்றே ஒரு தொடர் வந்தது. அதில் வருகிற நாயகி கோபம் வந்தால் ஜாகுவாராக மாறிவிடுவாள். தேசமே வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தது. 2022-ல் மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் பார்த்தது.

ஆனால் அந்த இரண்டு தொடருக்கும் நடுவே பான்டனாலே கொஞ்சம் மாறிப் போயிற்று. 2020-ல் மழை பொய்த்தது. வெள்ளத்தில் தழைத்த புல் காய்ந்து சருகாகிக் கிடந்தது. மனிதர் வைத்த தீ பற்றிக்கொண்டது. அங்கே தீ தரைமேல் மட்டும் ஓடுவதில்லை. மக்கிய வேரும் சருகுமாக மண்ணுக்கடியில் இருக்கிற படுகைக்குள் புகுந்து, அணைந்தது என்று திரும்பினால் வேறிடத்தில் எழும். அந்த ஒரு வருஷத்தில் பான்டனாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. ஒரு கோடியே எழுபது லட்சம் முதுகெலும்புப் பிராணிகள் மாண்டிருக்கும் என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். நீர்கள் சந்திக்கும் இடத்திலும் பெரும்பகுதி கரிந்தது. நான்கு பாதமும் வெந்த ஒரு ஆண் ஜாகுவாரைப் பிடித்துக் கொண்டுபோய் மருந்து கட்டினார்கள். அந்த வருஷம் அக்டோபரிலேயே கழுத்துப் பட்டையோடு அதன் ஆற்றங்கரையில் திரும்ப விட்டார்கள். ஓசாடோ என்று பெயர் வைத்தார்கள். துணிச்சல்காரன் என்று அர்த்தம்.

2024-லும் தீ வந்தது. அந்த அக்டோபரில், கொரும்பாவுக்குப் பக்கத்து லடாரியோ என்ற ஊரில், 1900-லிருந்து பராகுவே நதியின் மட்டத்தைக் குறித்துவரும் அளவுகோல் பூஜ்யத்துக்குக் கீழே 69 சென்டிமீட்டர் காட்டியது. அதுவரை 1964-ல் கண்ட மட்டம்தான் ஆகக் குறைவு. அதையும் தாண்டிக் கீழே போய்விட்டது நதி.

வேடிக்கையைப் பாருங்கள்: இன்னொரு பக்கம் தண்ணீர் போகாமல் கழுத்தறுக்கிறது. 1970-களில் கிழக்கு மேட்டு நிலத்தைத் திருத்திப் பயிர் வைத்தார்கள். காடு போனதும் மண் கரைந்து டாகுவாரி ஆற்றில் இறங்கியது. ஆறு தூர்ந்து, கரை உடைந்து, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பண்ணை நிலத்தில் வெள்ளம் ஏறிற்று. ஏறின வெள்ளம் இன்றுவரை இறங்கவில்லை. ஆறு மாதக் கடல் அங்கே பன்னிரண்டு மாதக் கடலாகிவிட்டது. மாடு வைத்திருந்த குடும்பங்கள் வீட்டைத் தண்ணீருக்கு விட்டுவிட்டுப் புறப்பட்டன. வந்த தண்ணீர் போகவும் வேண்டும், போன தண்ணீர் திரும்ப வரவும் வேண்டும். தாம்பாளத்தின் விதி மேட்டில் இருக்கிறது. மேட்டில் இருப்பவர்களோ பான்டனாலைப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புலியைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை நல்ல காலம். உஷ்ண தேசந்தானே என்று கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த மாதங்களில் தெற்கேயிருந்து திடீரென்று குளிர்காற்று புறப்பட்டு வரும். திறந்த படகில் பல் தந்தி அடிக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள்.

கூட்டம் பிடிக்காதவர்கள், புலி தென்படாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்கள், பிப்ரவரி, மார்ச்சில் போகலாம். நாடு முழுக்கப் பச்சை. வானம் முழுக்கத் தண்ணீரில். ஆனால் அப்போது சாலை மூழ்கிக் கிடக்கலாம். ‘வெள்ளம் ஏறிவிட்டது, வண்டி வராது, பிரயாணத்தை ஒத்திப் போடுங்கள்’ என்று கடைசி நேரத்தில் விடுதிக்காரரிடமிருந்து செய்தி வந்தால் அவரைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். அப்படி ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்று சில வருஷங்களாக அவர் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்.